நடைக் கழகமும் ஒரு கப்பலும்

மணி அடித்தது. இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின. தடுப்புக் கட்டை எங்கள் மூக்குக்கு முன்னால் இறங்கி நின்றது. சற்று முன்னர்வரை தார் வீதியாகக் கிடந்த பாலம், அப்படியே முழுசாக மேலே எழும்பத் தொடங்கியது.

வெலண்ட் கால்வாய். ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். கப்பல் வந்தால் பாலம் எழும்பும், கப்பல் போனபின் இறங்கும். இடையில் பிரதம மந்திரியே வந்தாலும் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

எதிர்க் கரையில் ஒரே நிறத்தில் தொப்பி போட்ட பதின்மூன்று தமிழர்களும், வேறு நிறத்தில் தொப்பி போட்ட பன்னிரண்டு தமிழர்களும் இரண்டு கும்பலாக நின்றார்கள். இந்தக் கரையில் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், யோகம்.

யோகத்துக்கும் எனக்கும் ஒன்றரை வருசமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

நாங்கள் இருவர் மட்டும் ஏன் இந்தக் கரையில் மாட்டினோம் என்று கேட்பீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. சீனி வியாதிக்காரருக்கு இயற்கை அழகெல்லாம் இரண்டாம் பட்சம். கழிப்பறை எங்கே என்பதுதான் முதல் கேள்வி. கால்வாயைக் கடந்தால் ஒரு கோப்பிக் கடை இருந்தது. அங்கே போய் முடித்துக் கதவைத் திறந்தால், பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அவள் வருகிறாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவரை ஒருவர் பாராமல், வைத்தியசாலைத் தாதிமார் போல நெடுநேரம் கை கழுவினோம். அவளை முந்திவிட வேண்டும் என்று நான் விரைந்தேன். என்னை முந்திவிட வேண்டும் என்று அவளும் விரைந்தாள். இருவரும் ஒன்றாகவே பாலத்தடிக்கு வந்து சேர்ந்தோம். அப்போதுதான் மணி அடித்தது.

போன கிழமை பேக்கரி வேலை பற்றி நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு யோகத்தைத் தெரிந்திருக்கும். பாணைப் பையில் போடும் பெல்ட்டில் இருபத்திரண்டு வருசம் எனக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். படிக்காதவர்களுக்கு இதுவே போதும்: கனடாவில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. மற்றவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

நடப்பதற்கு ஓர் இடம்

ஓய்வு பெற்ற வருசம் இருவருக்கும் ஒரே கிழமையில் சீனி வியாதி என்று சொன்னார்கள். வேலையிலும் அப்படித்தான், ஒருத்திக்குத் தடிமன் வந்து மூக்கு வடிந்தால் மற்றவளுக்கும் வடியும்.

இங்கே சீனியை அளக்கும் கணக்கு வேறு. ஏழுக்குக் கீழே நின்றால் நல்ல பிள்ளை. பத்தைத் தாண்டினால் வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். எங்கள் வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்.

நடப்பது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தோம். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் இருவரின் வீடுகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள். நடைபாதை அகலமானது. முதல் நாள் கைப்பை, தோடு, பவுடர் எல்லாவற்றோடும் புறப்பட்டோம். இருநூறு அடி போயிருக்க மாட்டோம், ஒரு கார் ஓரங்கட்டியது. கண்ணாடி இறங்கியது.

“அன்ரி, பஸ் வரேல்லையோ? ஏறுங்கோ.”

“இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறம்.”

“சும்மா ஏன் நடப்பான்? ஏறுங்கோ, நான் அந்தப் பக்கம்தான் போறன்.”

எந்தப் பக்கம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? ஏறினோம். வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். அடுத்த நாள் யோகத்தின் மச்சாள். அதற்கடுத்த நாள் கோயில் ஐயர். அவருடைய காரில் தேங்காய்க் கடகம் வேறு இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அந்தக் கிழமை முழுதும் நாங்கள் நடந்தது கார்க் கதவு வரைக்கும்தான்.

“உதுகள் எங்களை நடக்க விடாதுகள்,” என்றாள் யோகம். “கார் வராத இடமாப் பாப்பம்.”

இப்படித்தான் நாங்கள் காட்டுக்குப் போனோம். இயற்கையை ரசிக்க அல்ல, சொந்தக்காரரிடமிருந்து தப்ப.

காடு என்றதும் பயப்பட வேண்டாம். ஸ்காபரோவில் வீடுகளுக்குப் பின்னால் திடீரென்று நிலம் பள்ளமாக இறங்கும். கீழே ஹைலண்ட் ஓடை, இரு பக்கமும் மரம், நடுவில் தள்ளுவண்டியும் போகக்கூடிய சமமான பாதை. பாதி வழியில் ஒரு மரப் பாலம், அதில் இருந்து இளைப்பாற ஒரு வாங்கு. சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. சோம்பேறிகளுக்காகக் கடவுள் ஒதுக்கிய காடு.

பாதை தொடங்கும் இடத்தில் எங்கள் வணக்கம் ஒன்றுதான்.

“இண்டைக்கு எவ்வளவு?”

“ஏழு தசம் ரெண்டு. உமக்கு?”

“எட்டு.”

“என்ன சாப்பிட்டனீர்?”

“ஒண்டும் இல்லை.”

“பொய்.”

பிறகு மரப் பாலம் வரைக்கும் ஊர்ப்பட்ட கதை. வாங்கில் இருந்து யோகத்தின் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து ஆளுக்கு ஒரு மூடி தேத்தண்ணி. சீனி இல்லாத தேத்தண்ணி என்பது ஒரு தண்டனை. இருவராக அனுபவித்தால் கொஞ்சம் தாங்கலாம். அந்தப் போத்தல் எங்கள் பேக்கரி கடைசி நாளில் அவளுக்குக் கொடுத்தது, இரண்டு லீட்டர், இரும்பு மாதிரிப் பாரம். அதை அவள்தான் தோளில் மாட்டி வருவாள். ஒரு நாளாவது நான் வாங்கிச் சுமந்தேனா என்று கேட்டால், இல்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பதினொரு பேர், ஒன்பது பதவி

இரகசியம் எத்தனை நாள் தாங்கும். யோகத்தின் மச்சாள் கேட்டாள், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், அடுத்த கோடையில் நாங்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் லிங்கம் அண்ணை. ஊரில் அதிபராக இருந்தவர். எங்கே பத்துப் பேர் கூடினாலும் அங்கே தலைவர் இல்லாமல் இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“இப்பிடிச் சும்மா நடக்கிறது அழகில்லை,” என்றார். “ஒரு கட்டமைப்பு வேணும்.”

கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்யும் ரேவதி என்ற பிள்ளையும் எங்களோடு நடப்பாள். அவள் வெகு அப்பாவியாகக் கேட்டாள். “ஏங்க, நடக்கறதுக்கு எதுக்குங்க கமிட்டி? நடந்தாப் போதாதுங்களா?”

அவளை எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தோம். பாவம், புதிது.

நடைக் கழகத்தின் விதிகளாக ஒரு யாப்பு எழுதப்பட்டது. பதினான்கு பக்கம். நிர்வாக சபை தெரிவானது. தலைவர் ஒருவர், உப தலைவர் இருவர், செயலாளர், உப செயலாளர், போசகர் இருவர், ஊடகப் பொறுப்பாளர், காலநிலைப் பொறுப்பாளர். மழை வருமா என்று கைபேசியில் பார்த்துச் சொல்வது கடைசியில் உள்ளவரின் வேலை, அவர் சொன்னது ஒரு நாளும் சரிவந்ததில்லை. பதினொரு பேரில் ஒன்பது பேருக்குப் பதவி கிடைத்தது. கிடைக்காத இரண்டு பேர் ரேவதியும் யோகமும். யோகத்துக்கு ஏன் ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவள் தேத்தண்ணி கொண்டு வருபவள்.

செயலாளர் யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். எனக்கும் ஆசை இருந்தது. பேக்கரியில் இருபத்திரண்டு வருசம் ஒருவரும் என்னை ஒன்றுக்கும் தெரிவு செய்யவில்லை.

அங்குரார்ப்பண வைபவத்தைச் சொல்லாமல் போனால் பாவம். காட்டுப் பாதை தொடங்கும் வாகனத் தரிப்பிடத்தில் குத்துவிளக்கு வைத்தோம். நல்ல காற்று. ஒரு திரி கொளுத்தினால் மற்றது அணையும். இரண்டு போசகர்களும் சால்வையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்க, லிங்கம் அண்ணை நெருப்புப் பெட்டியில் பாதியை முடித்தார். அந்த நேரம் பூங்கா அலுவலர் ஒருத்தி வந்து, இது பார்பிக்கியூவா, அனுமதி எடுத்தீர்களா என்று விசாரித்தாள்.

“நோ, நோ,” என்றார் லிங்கம் அண்ணை. “திஸ் இஸ் கல்ச்சர்.”

அவள் கல்ச்சரை உடனே அணைக்கச் சொன்னாள். அணைத்தோம். ஊடகப் பொறுப்பாளர் எடுத்த படத்தில் விளக்கு எரிவதாகப் பின்னர் கைபேசியில் செய்துகொண்டார்கள்.

இருந்தாலும் நல்ல நாட்கள்தான். சனிக்கிழமை தோறும் ஓடைப் பாதை. இலையுதிர் காலத்தில் ரூஜ் பக்கத்துப் பற்றைவெளி, இடுப்பளவு மஞ்சள் பூ, போசகர்கள் இருவரும் தும்மித் தும்மி இரண்டு பக்கமும் பார்க்காமல் நடந்தார்கள். பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்கு உள்ளே சுற்றுவோம். வருசத்துக்கு ஒருமுறை மஞ்சள் ஸ்கூல் பஸ் பிடித்து வெளியூர்.

மைக்கில் சொன்னது

கழகம் உடைந்த காரணத்தைச் சொன்னால் வெளியார் நம்ப மாட்டார்கள். எங்கள் ஆட்கள் நம்புவார்கள்.

தேத்தண்ணியை நடையின் நடுவில், மரப் பாலத்தில் குடிப்பதா? அல்லது நடை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் குடிப்பதா? இதுதான் பிரச்சினை. முடிவில் குடிக்கலாம் என்று முதலில் சொன்னவள் யோகம். ஏதோ மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் யாப்பில் “நடை இடைவேளை” என்று ஒரு பிரிவு இருந்தது. அதைத் திருத்த வேண்டுமானால் பொதுக்கூட்டம் வேண்டும்.

பொதுக்கூட்டம் லிங்கம் அண்ணை வீட்டு பேஸ்மென்டில். அங்கே அவருடைய மகனின் கரோக்கி மெசின் இருந்தது. பதினொரு பேருக்கு மைக் வைத்துப் பேசினோம். உப தலைவர்களில் ஒருவர் எழும்பி, இடைவேளை நடைக்கு எதிரானது, வைத்தியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முழங்கினார். மற்ற உப தலைவர் மரப் பாலத்துக்காகத் தன் உயிரையும் கொடுப்பதாகச் சொன்னார். முடிவில் குடிப்பதற்கு ஆதரவு கூடிக்கொண்டு போனது. செயலாளர் மரப் பாலத்தின் பக்கம். எங்கள் பக்கம் தோற்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மைக் என் கைக்கு வந்தது. அது ஒரு பொல்லாத சாமான். கையில் வந்தவுடன் வாய் தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

“யோகம் ஏன் பார்க்கிங்கிலை குடிக்க வேணும் எண்டு நிக்கிறா எண்டு எனக்குத் தெரியும்,” என்றேன். “கார் டிக்கியுக்கை மட்டன் ரோல்ஸ் ஒளிச்சு வைச்சிருக்கிறா. தேத்தண்ணியோடை சாப்பிடத்தான். இண்டைக்குக் காலமை அவவுக்குச் சீனி பதினாலு!”

பேஸ்மென்ட் முழுதும் சிரித்தது. எனக்கும் அந்தச் சிரிப்பு இனித்தது. அந்தப் பதினாலை அன்று காலை பாதை தொடக்கத்தில், என் காதுக்குள், பயந்துகொண்டு சொன்னவள் யோகம். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்” என்றும் சொன்னவள்.

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேசையிலிருந்த சுடுதண்ணிப் போத்தலை எடுத்து மூடியை இறுக்கினாள். தோளில் மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள். அவளோடு நாலு பேர் போனார்கள், உப தலைவர் ஒருவர் தலைமையில். வாசலில் வைத்தே புதுக் கழகத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: உலக வோபர்ன் நடைக் கழகம். ஐந்து பேர்.

நான் அன்றிரவே போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவள் எடுக்கட்டும் என்று இருந்தேன். பிழை செய்தவள் நான், அழைக்க வேண்டியவள் அவள். இந்த நியாயத்தை அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன்.

மரம் பார்த்த காலம்

போட்டி போட்டு ஆளும் தொப்பியும் சேர்த்த இரண்டு கழகமும் ஒரே காட்டில், ஒரே சனிக்கிழமை, ஒரே ஒன்பது மணிக்கு நடந்தன. நேரத்தை மாற்றினால் தோற்றதாகிவிடும். ஆகவே நாங்கள் வலமாகச் சுற்ற, அவர்கள் இடமாகச் சுற்றினார்கள். வாரத்துக்கு ஒருமுறை, மரப் பாலத்துக்குக் கிட்டவாக, எதிரும் புதிருமாகக் கடக்க வேண்டும்.

எங்கள் சனத்தின் கோபத்தில் பேச்சு இல்லை, பார்வையும் இல்லை. ஆனால் கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே. எல்லோரும் மரத்தைப் பார்த்தோம். கனடா மரங்களில் நான் அறிந்த அத்தனையும் அந்த ஒன்றரை வருசத்தில் அறிந்ததுதான். வெள்ளைப் பட்டை உரிவது பேர்ச். பனியிலும் பச்சையாக நிற்பது ஹெம்லொக். யோகம் கடந்து போகும் இடத்தில் நிற்பது ஒரு பழைய மேப்பிள், அதன் அடியில் கை நுழையும் அளவு ஒரு பொந்து, அதற்குள் ஒரு அணில். அந்த அணிலை நான் சனிக்கிழமை தோறும் நலம் விசாரித்தேன்.

ஓரக்கண்ணால் யோகத்தையும் பார்ப்பேன். போத்தல் இல்லாமல் வந்தாள். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதலில் அதை ஸ்டைல் என்று நினைத்தேன். நாலைந்து கிழமை பார்த்த பின்னர்தான் மண்டைக்குள் ஏறியது. முடிவில் குடிப்போம் என்று அவள் கேட்டது, போத்தலைக் காட்டுக்குள் சுமக்க இயலாமல். ரோல்ஸ் இருந்ததும் உண்மைதான். ஆனால் தோளும் உண்மை.

ரேவதி மட்டும் எந்தக் கழகத்திலும் சேரவில்லை. எங்களோடு தொடங்குவாள், மரப் பாலத்தில் திரும்பி அவர்களோடு போவாள். “ரெண்டு பக்கமும் டீ கிடைக்குதுங்க” என்பாள். அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

“சரோ ஆன்ட்டி, யோகம் ஆன்ட்டி கால்கரிக்கே போறாங்களாமே. வீட்டைக்கூட வித்தாச்சாம். உங்ககிட்டச் சொல்லலையா?”

“ஏன் சொல்லேல்லை, சொன்னவ,” என்றேன். ஒரு மரத்தைப் பார்த்தேன். அன்று அது எந்த மரம் என்றே எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய மகன் கல்கரியில். நாலு மணி நேரம் விமானத்தில் போக வேண்டும். அடுத்த மாதம் முதலாம் கிழமை பயணம் என்றாள் ரேவதி. மூன்று சனிக்கிழமை இருந்தது. அதில் ஒன்று வருடாந்தச் சுற்றுலா.

இரண்டு கழகமும் வெலண்ட் கால்வாய்க்கு, ஒரே நாளில். சதி ஒன்றும் இல்லை. இரண்டு தலைவர்களும் தனித்தனியாக, பரம இரகசியமாக, ஒரே தமிழரிடம் பஸ் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸையும் ஒன்றின் பின் ஒன்றாக அனுப்பிவிட்டார். அவருக்கு வசதி.

கப்பலின் இந்தப் பக்கம்

பாலம் மேலே போய் நின்றுவிட்டது. வளைவுக்கு அப்பால் கப்பலின் முகம் தெரிந்தது. கால்வாய்க் கரைப் பாதை தட்டையானது, நேரானது, பார்க்க வேறு ஒன்றும் இல்லை. முக்கியமாக, மரம் இல்லை.

எதிர்க் கரையில் லிங்கம் அண்ணை கையால் ஏதோ சைகை காட்டினார். நில் என்கிறாரா, கதைக்காதே என்கிறாரா தெரியவில்லை. பிறகு கப்பல் வந்து அவரை மூடியது. முதலில் தலைவரை, பிறகு போசகர்களை, பிறகு காலநிலைப் பொறுப்பாளரை, ஒவ்வொருவராக. கடைசியில் அந்தப் பக்கம் என்று ஒன்றே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை துருப்பிடித்த இரும்புச் சுவர் மெல்ல மெல்ல ஊர்ந்தது. டீசல் மணமும் ஈரத் தானிய மணமும் வந்தன. நிலம் பாதத்துக்குக் கீழே இலேசாக நடுங்கியது.

மேல்தட்டிலிருந்து ஒரு மாலுமி எங்களுக்குக் கை காட்டினான். இருவரும் ஒரே நேரத்தில் கை காட்டினோம். இறக்கும்போது கைகள் முட்டிக்கொண்டன.

கதைக்க வேண்டும். என்ன சொல்லித் தொடங்குவது? ஒன்றரை வருசமாக நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் யாப்புப் போல நீளமாக இருந்தன. வாயில் வந்தது பழைய கேள்வி.

“இண்டைக்கு எவ்வளவு?”

அவள் கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஏன், கூட்டத்திலை சொல்லவோ?”

அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. சரியான அடி, சரியான இடம்.

“பிழை என்ரைதான், யோகம்,” என்றேன். “நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒருத்தரும் கேக்காமல், நானாத்தான் சொன்னனான். வெல்லோணும் எண்ட விசர்.”

இதைச் சொல்ல அரை நிமிசம் பிடித்தது. இதற்காகவா ஒன்றரை வருசம் அணிலைப் பார்த்தேன்?

கப்பலின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்தது.

“கூட்டத்திலை சிரிச்சது பறவாயில்லை,” என்றாள். “சிரிக்கட்டும். ஆரோ ஒருத்தர் என்ரை மோனுக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டினம். அம்மாவுக்குப் பதினாலாம், ஒளிச்சு ஒளிச்சுத் திண்டுகொண்டு திரியிறாவாம் எண்டு. அண்டையிலை இருந்துதான் அவன் துடங்கினவன். தனிய இருக்க விடமாட்டன், வீட்டை வில், இஞ்சை வா எண்டு.”

அதுவரை அவள் போகிறாளே என்றுதான் எனக்குத் துக்கம். அவளை அனுப்பி வைத்ததே நான்தான் என்பது அந்தப் பாலத்தடியில்தான் தெரிந்தது. தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்றுதான் எழுத வேண்டும், வேறு வார்த்தை இல்லை. மூக்கும் வடிந்தது, கடுதாசித் துண்டும் இல்லை.

“நான் உம்மடை மோனோடை கதைக்கிறன். நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லுறன்.”

“வீடு வித்தாச்சு, சரோ.”

அவள் கைப்பையைத் திறந்தாள். கடுதாசி தருகிறாள் என்று நினைத்தேன். வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு மட்டன் ரோல் வந்தது. இரண்டாக முறித்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள்.

“உமக்குத்தான் வெல்லோணும் எண்டு ஆசை. பெரிசை எடும்.”

தின்றோம். மிளகு தூக்கலாக, ஆறிப்போய், நல்ல ரோல். இருவருக்கும் விலக்கப்பட்ட சாமான். கப்பலின் வால் நெருங்கிக்கொண்டிருந்தது.

“கல்கரியிலை நடக்க ஆர் இருக்கினம்?” என்றாள். “அங்கை நடுவிலையும் தேத்தண்ணி இல்லை, முடிவிலையும் இல்லை.”

“தோள் எப்பிடி இருக்கு?”

“கண்டனீரோ?”

“எல்லாச் சனிக்கிழமையும் கண்டனான்.”

“அப்ப மரத்தைப் பாக்கேல்லையோ?”

“நீர் பாத்தனீரோ?”

அவள் சிரித்தாள். கை துடைத்தாள். பிறகு, என் பக்கம் திரும்பி, “எட்டு தசம் ஒண்டு,” என்றாள்.

“பொய்.”

“சரி. ஒம்பது.”

கப்பல் விலகியது. எதிர்க் கரை மறுபடி வந்தது. நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து இரண்டு கழகமும் கட்டிப்பிடித்து அழுதிருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. அவர்கள் பத்தடி இடைவெளி விட்டு நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். உலகக் கழகத்தினரும்தான். நடையின் நட்ட நடுவில். அவர்கள் யாப்பின்படி அது பெருங்குற்றம், ஒருவருக்கும் அது உறைக்கவே இல்லை.

பாலம் இறங்கியது. யோகத்தின் தோளிலிருந்த கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்றும் பாரம் இல்லை. அவள் ஆட்சேபிக்கவும் இல்லை.

காலை எண்

மிச்சமிருந்த இரண்டு சனிக்கிழமையும் இருவருமாகத் தனியே நடந்தோம். இரண்டு லீட்டர்ப் போத்தலை நான் சுமந்தேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. இதையா இவ்வளவு காலமும் சுமந்தனீர் என்று கேட்டதற்கு, “ரோல்ஸ் இருந்தபடியால் தெரியேல்லை” என்றாள். விமான நிலையத்தில் போத்தலை என்னிடமே விட்டுப் போனாள்.

செயலாளர் பதவியை இராஜினாமாச் செய்தேன். கடிதத்தை நிர்வாக சபை இன்னும் பரிசீலிக்கிறது. கழகங்கள் இரண்டும் சுகமாக இருக்கின்றன, மூன்றாவது ஒன்று றிச்மண்ட் ஹில்லில் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.

நான் இப்போது தினமும் தனியே ஓடைப் பாதையில் நடக்கிறேன். கல்கரி எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். நான் மரப் பாலத்தை நெருங்கும்போது அங்கே விடியும். வாங்கில் இருந்து தேத்தண்ணியை ஊற்றும் நேரம், கைபேசியில் ஒரு எண் வரும். வணக்கம் இல்லை, “சுகமா” என்ற கேள்வி இல்லை, எண் மட்டும். நான் “பொய்” என்று எழுதுவேன். அரை நிமிசத்தில் இன்னொரு எண் வரும், கொஞ்சம் பெரியது.

இந்த அத்தியாயத்தை எழுத அவளிடம் கேட்டேன். எழுதி முடித்ததைப் போனில் முழுசாக வாசித்தும் காட்டினேன். “பதினாலை எழுதும், அது பழசு. உலகத்துக்கே தெரியும்,” என்றாள். “என்ரை ரோலிலை பெரிய துண்டை நீர் திண்டதையும் எழுதும்.” எழுதிவிட்டேன்.

நேற்றுக் காலையும் எண் வந்தது. பார்த்துவிட்டு, ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினேன். “பொய்” என்று எழுதவில்லை, போன் எடுத்தேன்.

“சப்பாத்தைப் போடும்,” என்றேன்.

“வெளியிலை குளிர்.”

“கோட்டையும் போடும். போனை வைக்காதையும், நான் நடந்துகொண்டு இருக்கிறன். நீரும் நடவும்.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கல்கரி நடைபாதையில், நான் ஸ்காபரோக் காட்டில், முக்கால் மணி நேரம் நடந்தோம். இடையில் அவளுக்கு ஒரு கார் நின்றது. “இல்லைத் தம்பி, நான் ஒரு ஆளோடை நடக்கிறன்,” என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது.

எண் எவ்வளவு என்றுதானே கேட்கிறீர்கள்? அதைச் சொல்ல மாட்டேன்.